ரேமண்டின் காதில் இல்லாத இன்னொரு புண்

இந்த ஊரில் காயம் முதலில் ஆறிவிடும். பில் அதற்குப் பிறகுதான் வரும். காரைக்காலில் கட்டியைக் கீறிக்கொண்டால் டாக்டர் கேட்பதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். கீறியது, துடைத்தது, தையல் போட்டது எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கே ஒரே வெட்டுக்கு வாரக்கணக்கில் துண்டு துண்டாகக் காகிதம் வந்துகொண்டிருக்கும். அமெரிக்காவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அந்தத் துண்டுகளை நறுக்கும் வேலையிலேயே சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒரு கிளினிக்கில் இருந்தேன். செய்த சிகிச்சையை பில்லுக்கான எண்களாக எழுதுவதுதான் வேலை. மெடிக்கல் கோடிங் என்று ஊரில் சொன்னால் ஏதோ வைத்தியம் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். நானும் திருத்தியதில்லை.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் பக்கத்து வீட்டு ரேமண்ட் கதவைத் தட்டினார். என் வயதுக்காரர், மனைவியை இழந்தவர். பனி பெய்தால் தன் நடைபாதையை வாரிவிட்டு, கேட்காமலே என்னுடையதையும் வாரிவிடுவார். அன்று அவர் கையில் சவரக் கண்ணாடி இருந்தது.

“நீ அங்கே வேலை பார்த்தவன். உண்மையைச் சொல். எனக்கு இன்னொரு புற்று எங்கே இருக்கிறது?”

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் அவருடைய இடது காதிலிருந்த சின்னத் தோல் புற்றை எங்கள் கிளினிக்கில் எடுத்திருந்தார்கள். இப்போது வேறு எதற்கோ இன்சூரன்ஸுக்குப் போன் செய்தபோது, அன்றைக்கு இரண்டு தனித்தனி இடங்களில் கத்தி வைத்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மனிதர் பிடரியிலும் முதுகிலும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, இல்லாத தழும்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். டாக்டர் மறைத்துவிட்டார் என்று நினைக்கிறார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. விதி சுலபமானது. ஒரு புண்ணிலிருந்து சோதனைக்குத் துணுக்கு எடுத்து, அன்றே அதே புண்ணை வெட்டி எடுத்தால், துணுக்கு எடுத்தது வெட்டுக்குள் அடக்கம். தனியாகக் காசு கேட்கக் கூடாது. துணுக்கு வேறு இடத்திலிருந்து எடுத்ததென்றால் மட்டும் தனியாகக் கேட்கலாம். அப்படித்தான் என்று சொல்வதற்கு மாடிஃபையர் என்று இரண்டு இலக்கங்களை ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் இன்சூரன்ஸ் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. எங்கள் ஆபீஸ் வழக்கம், இன்சூரன்ஸ் மறுத்துத் திருப்பிய பில்லில் எல்லாம் அதை ஒட்டி மறுபடி அனுப்புவது. டாக்டர் எழுதிய குறிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் நான் ஒட்டினேன், வருடக்கணக்கில். இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தைத்தான் தின்கிறோம் என்று நினைத்தேன். அதன் அடியில் ஒரு மனிதனின் காது இருப்பது நினைவுக்கே வரவில்லை.

இதில் கூசாத மனம் எனக்கு அமெரிக்காவில் வந்ததல்ல. கல்லூரி நாட்களில் மாமாவுடன் தரங்கம்பாடி பஸ்ஸில் போவேன். காரைக்காலில் சாராயம் மலிவு. தமிழ்நாட்டுக்குள் பெட்டியாகக் கொண்டுபோனால் பிடித்துவிடுவார்கள், ஆளுக்கொரு பாட்டில் என்றால் விட்டுவிடுவார்கள். எல்லையிலிருக்கும் பூவம் நெருங்கும்போது மாமா எழுந்து ஆளுக்கொரு பாட்டிலாகக் கொடுத்துக்கொண்டே வருவார்.

“ஏண்ணே, என்னயப் பாத்தா குடிக்கிறவ மாதிரியா இருக்கு?”

“ஒங்க வூட்டுக்காரருக்குன்னு சொல்லுங்கக்கா. அவரத் தெரிஞ்சவன் எவனும் சந்தேகப்பட மாட்டான்.”

பஸ்ஸே சிரிக்கும். போலீஸ்காரர் ஏறும்போது பெட்டி காலியாக இருக்கும், மடிக்கு ஒரு பாட்டில்தான் இருக்கும். என்னைப் பார்த்து, “யாருதுப்பா?” என்பார். “என்னுதுங்க” என்பேன். எல்லை தாண்டியதும் எல்லாம் மாமாவின் பெட்டிக்குத் திரும்பிவிடும். அதைச் சாமர்த்தியம் என்று ரசித்த பையன்தான் இந்தக் கிழவன்.

ரேமண்டுக்கு முதலில் விதியை விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

“நீயும் அவர்களோடு சேர்ந்து மறைக்கிறாய்.”

“மறைக்கவில்லை. இன்னொரு இடம் கிடையவே கிடையாது, ரேமண்ட். அப்படிப் பதிந்தது நான்தான்.”

அவர் கையிலிருந்த கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்தார்.

“எனக்கு நீ ஏன் புற்றுநோய் எழுதினாய்?”

காசுக்காக என்று சொன்னேன். அதுவும் என் காசுகூட இல்லை. அவர் கண்ணாடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கிளினிக்குக்குப் போய், பதிவு பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

ஊரில், குரும்பகரத்தில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன்.

“நீ என்னடா வூட்டுக்கா தூக்கிட்டு வந்த? ஆபீசுல சொன்னாங்க, செஞ்ச. அந்த ஆளுக்குத்தான் ஒன்னும் இல்லயே, சந்தோசப்பட வேண்டியதுதான? இதுக்குப் போயி சாப்புடாமக் கெடக்கிற.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குப் பூவம் பஸ்ஸின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தச் சிரிப்போடு இனி சேர முடியாது என்று தோன்றியது. சேர வேறு இடமும் இல்லை.

இன்று காலை நல்ல பனி. ரேமண்ட் தன் நடைபாதையைச் சுத்தமாக வாரி, என் வீட்டு எல்லை தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். பூவம் எல்லையில் தார்ச்சாலையின் நிறம் மாறுமே, அப்படி நேர்கோடாக நிற்கிறது பனி. அந்தப் பக்கம் கருப்பு, இந்தப் பக்கம் வெள்ளை. வீட்டில் பனி வாரும் ஷவல் இல்லை. இத்தனை வருடம் தேவைப்பட்டதில்லை. சமையலறை முறத்தை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கோட்டிலிருந்து என் பக்கத்தை வார ஆரம்பித்தேன்.