இருமலுக்குச் சொன்ன மறுமொழி

என் அப்பா என் பேச்சை அரங்கில் அமர்ந்து கேட்டது ஒரே ஒரு முறை. அதையும் அவர் முழுதாகக் கேட்கவில்லை. பாதியில் அவர் எழுந்து போவதற்கு முன் நான் சொன்னது என்ன என்று அவரிடமே சொல்லிவிடப் பல மாதம் முயன்றேன். எந்த மேடையிலும் தடுமாறாத என் நாக்குக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் கனத்தது.

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில். அப்பாவுக்குத் தார்ச்சாலை போடும் வேலை. இயந்திரம் பரப்பிக்கொண்டு போகும் தாரின் ஓரங்களை, ஆறுவதற்குள், நீண்ட கைப்பிடியுள்ள ரேக்கால் இழுத்துச் சமன் செய்வார். நானோ கல்லூரியின் சொற்போர் அணிக்குத் தலைவி. வென்ற கோப்பைகளில் இரண்டு, அலமாரியில் இடம் போதாமல், அரிசி டப்பாவின் மேல் நின்றன. அவற்றைத் துடைப்பதை அப்பா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்த ஆண்டு மல்லேஸ்வரத்தில் தமிழ் அமைப்பு ஒன்று நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த தலைப்பு: ‘ஆலைக் கழிவு சாலைக்கு வரமா, சுமையா?’ எனக்கு விழுந்தது ‘வரமே’. மற்றவர்கள் செய்தித்தாள்களைப் புரட்டினார்கள். எனக்குச் சான்று வீட்டிலேயே இருந்தது. பென்சிலும் தாளுமாக அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன்.

“டயர் மால்னு சொல்றியே, அது இன்னா நைனா?”

“பழைய டயரப் பொடியா அரைச்சு டாம்பர்ல கலந்துடுவாங்க மா. வெயில்ல இளகாது, மழைல பேந்துக்கினு வராது. நல்ல சரக்கு. ஆனா சூடு இருக்கசொல்லவே இழுத்துடணும். ஆறிச்சோ, ரேக்குல பபுள்கம் மாதிரி ஒட்டிக்கும்.”

“வேற?”

“அதுக்கு சூடு ஜாஸ்தி வெப்பாங்க. அதனால பொகையும் ஜாஸ்தி. வூட்டுக்கு வந்தும் தொண்டை காந்தும். அதையும் எழுதிக்கோ.”

எழுதினேன். பிறகு அதன் மேல் கோடு இழுத்தேன். எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு: எதிரணி கேட்காததை நாம் எடுத்துக் கொடுப்பதில்லை. தொண்டை எத்தனை நாளாகக் காந்துகிறது என்று மகளாகவாவது கேட்டிருக்கலாம். நான் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன்.

இறுதிச் சுற்று ஒரு ஞாயிறு காலை. கல்யாணங்களுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையில், மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, அப்பா தனியாகவே வந்து சேர்ந்தார். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. “உருக்காலை கழித்த கசடு இனி நம் சாலைக்குச் சல்லி. ஓடித் தேய்ந்த டயர் இனி தாருக்கு உறுதி. குப்பைமேட்டில் கிடக்க வேண்டியது நம் பயணத்தைத் தாங்குகிறது. சொல்லுங்கள் அவையோரே, இதில் இழப்பு யாருக்கு?”

கேள்விக்குப் பின் மூன்று எண்ணும் அளவு மௌனம் காக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி. இரண்டு எண்ணியிருப்பேன். கடைசி வரிசையிலிருந்து இருமல் எழுந்தது. அடக்க அடக்க வலுத்தது. அவையில் எழும் எந்தச் சத்தத்தையும் பேச்சாளர் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் பயிற்சிதான்.

“எதிரணியிடம் வாதம் தீர்ந்துவிட்டது போலும். இனி இருமல்தான் மிச்சம்!”

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. யாருடைய இருமல் என்று தெரியாமல் நான் அதைச் சொல்லவில்லை. ஒரே அறையில் குடியிருக்கும் வீட்டில், விடிந்ததும் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரையும் மறைத்துவிடாதபடி குனிந்து, வெளியே போனார். மீதிப் பேச்சை ஒரு சொல் பிசகாமல் முடித்தேன். முதல் பரிசை அறிவித்த நடுவர் என் சமயோசிதத்தைத் தனியே பாராட்டினார்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் நைனா பாதில வந்துட்ட?”

“உன் பேச்சுக்கு இடைஞ்சலா இருக்கும்னுதான். கப்பு குடு, நான் எத்துக்கினு வரேன்.” கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “நடுவுல ஜனம் அப்பிடி சிரிச்சாங்களே, இன்னா மா சொன்ன? இருமுனதுல காதுல வுழல.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

“அது… ரோட்டுல இருக்கற குழியவிட எதிரணி வாதத்துல குழி ஜாஸ்தினு சொன்னேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. மறுநாள் வேலையிடத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை செய்பவர் ஒருவர் தெருவில் என்னை மடக்கினார். “ஏம்மா, எதிரணி குழியத்தான் எண்ணுவியா? நம்ம தெருக் குழிய எப்ப எண்ணப் போற?”

மழைக்காலம் தொடங்கியபோது அப்பாவால் ரேக்கைத் தூக்க முடியவில்லை. இனிப் புகையில் நிற்கக் கூடாது என்றார் மருத்துவர். டயர் மால் மீது மட்டும் பழி போட எனக்கு நியாயமில்லை. அது வருவதற்கு முன்பும் அவர் புகையில்தான் நின்றார். என் வாதமும் பொய்யல்ல. அவர் கடைசியாக இழுத்த சாலை மழைக்குப் பேராமல் அப்படியே கிடக்கிறது. நான் அவையில் கேட்ட கேள்விதான் தவறு. அதற்கு விடை நான் கோடிழுத்து அடித்த வரியில் இருந்தது, நான் அறிந்திருந்தேன்.

அவர் வீட்டிலேயே இருந்த நாட்களில், ஒவ்வொரு காலையும் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனேன். இறப்பதற்குச் சில நாள் முன்பு, பகலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் அருகில் போய் அமர்ந்தேன்.

“நைனா, அன்னிக்கு மல்லேஸ்வரத்துல நான் சொன்னது…”

“அந்தக் குழி ஜோக்கா?” அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இருமல் வந்துவிடுமோ என்று மார்பில் கையை வைத்துக்கொண்டார். “இன்னொரு தபா சொல்லு மா. மேடைல சொன்னா மாதிரியே சொல்லு.”

எழுந்து நின்றேன். அவையோரே என்று தொடங்கி, அந்தக் குழி வாக்கியத்தை முழுக் குரலில் சொன்னேன்.