சீனித்தம்பி அண்ணன் வைத்த நெருப்பு

தன்னாமுனை வீட்டில் தேநீருக்கு அடுப்பு மூட்டும்போதுதான் போன் வந்தது. சித்தாண்டியிலிருந்து சீனித்தம்பி அண்ணனின் மகள். "அப்பா விடியக்குள்ள போயிட்டார் சேர்" என்றாள். பிறகு அழுகையை விழுங்கிக்கொண்டு, "வெள்ளன வாங்க. நீங்க வராம கொள்ளி வைக்கப்படாதாம், சொல்லிப்போட்டுத்தான் போனவர்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஏன் என்று அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெளிக்கள உத்தியோகத்தனாக சீனித்தம்பி அண்ணன் மாடு மேய்த்த தரைக்கு மாற்றலாகி வந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்ததும் செய்த முதல் வேலை, 'தீ வைப்பது குற்றம்' என்று பலகை நட்டது. கச்சான் என்கிற மேல்காற்று கொதிக்கக் கொதிக்க வீசிய ஒரு பகலில், மேற்கே புல்லில் பிடித்த தீ அவருடைய மாட்டுப்பட்டியை நோக்கி வந்தது. உள்ளே கன்றுகள். இந்த மனிதரோ பட்டிக்கு முன்னால் குனிந்து இன்னொரு நெருப்பை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பச்சைக் கொப்பொன்றை முறித்து, அதை அடித்து நூர்த்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன்.

"என்ன சேர் செஞ்ச வேல? வாற நெருப்புக்குத் தின்ன ஒண்டுமில்லாம ஆக்கத்தானே இத வச்சநான்" என்றார்.

ஏச அவருக்கு நேரமில்லை. மறுபடி வைத்தார். இம்முறை அவர் காட்டிய இடத்தில் கொப்போடு நின்று, அது பட்டிப் பக்கம் திரும்பாமல் அடித்தேன். இரண்டு தீயும் முட்டிக்கொண்டு அடங்கின. கன்றுகள் தப்பின. வேலியில் ஒரு பக்கமும் என் பலகையும் கரியாகிவிட்டன. பலகையைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க வாசிப்பம் சேர். நெருப்பு வாசிக்காது."

அந்த வெட்கத்தில்தான், கச்சானுக்கு முன்பே புல்லை எரித்துவிட அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதத் தொடங்கினேன். எழுதி எழுதிக் கடைசியில் அனுமதி வந்தது. தை மழை ஓய்ந்து, புல்லின் அடியில் ஈரம் நிற்கும்போதே தரையைக் கீலம் கீலமாக, ஒவ்வொரு துண்டாக எரித்தோம். ஆமையும் முயலும் விலகட்டும் என்று அவர் கம்பால் தட்டிக்கொண்டு முன்னே போவார். ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தால் அந்தக் கீலத்தை விட்டுவிடுவார். "இந்த வருசம் அது அவட காணி" என்பார். எரிந்த இடத்தில் இளம்புல் எழும்பினால் என் வீட்டுக்குத் தயிர்ச்சட்டி வரும். கச்சான் நாளில் வரும் தீ அந்தக் குட்டைப்புல்லில் வந்து நின்றுவிடும்.

ஆனால் தீப்பெட்டியை மட்டும் ஒருநாளும் என் கையில் தந்ததில்லை. ஒரு பிடி புழுதியை உதிர்த்துக் காற்றுப் பார்ப்பார். நானும் உதிர்த்துப் பார்ப்பேன். நான் கத்தோலிக்கன், அதில் அவருக்கு ஒரு நக்கல். "நீங்க பொதைக்கிற ஆக்கள். ஒங்களுக்கு எங்ககா நெருப்பத் தெரியும்?" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அவரைக் கொண்டுபோன சுடலையைச் சுற்றிப் புல் காய்ந்து கிடந்தது. அவருடைய மகன் கொள்ளியோடு என் பக்கம் திரும்பி, "வைக்கட்டா சேர்?" என்றான். ஒரு பிடி புழுதியை உதிர்த்தேன். அது சனம் நின்ற பக்கம் பறந்தது. "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றேன். ஊரே பொறுத்து நின்றது. வெயில் சாயக் கச்சான் தணிந்தது. மறுபடி உதிர்த்த புழுதி என் காலடியிலேயே விழுந்தது.

"இப்ப வைங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பிடி புழுதிதான். தீப்பெட்டியைக்கூட என்னை நம்பித் தராத மனிதர், முதல் நாளில் அவர் வைத்த நெருப்பை அடித்து நூர்த்த என்னிடமே தன் நெருப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.