யார் பிள்ளையை யார் தூக்குவது

இடுப்பில் உட்கார்ந்த பூசணிக்காயின் குளிர்ச்சியும், கால்விரல்களுக்கிடையே பிதுங்கும் சேற்றின் கூச்சமும் இன்றைக்கும் என் உடம்பில் இருக்கின்றன. பெக்கோக் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பத்து வயதான ஆண்டு அது. நல்ல வெயில் காலத்தில், எங்கள் "ஆயாக் கொட்டகை"யைப் பார்த்துக்கொண்ட அஞ்சலையக்கா, வாரம் தவறாமல் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி எங்களை மேட்டுக்கு ஏறவைத்தார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அம்மாக்கள் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் அந்தக் கொட்டகை ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் ஆறு உள்ளே புகுந்தபோது, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பெரிய பெண்கள் நாங்கள் ஆளுக்கொரு தம்பியையோ தங்கையையோ அள்ளிக்கொண்டு போய்விட்டோம். அக்கா இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு மேடேறித் திரும்பி வருவதற்குள், தூக்கிப்போகக் கூடப்பிறந்தவர் யாருமில்லாத முனியம்மாவின் ஒரே மகளைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

வெயில் வந்ததும் அக்கா எங்கள் எட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி, சொந்தம் பார்க்காமல் பலம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார். கனத்த உடம்புக்காரனான என் தம்பி சின்னையா, பதின்மூன்று வயது லெட்சுமிக்குப் போனான். ஒல்லியான எனக்கு வந்தது முனியம்மாவுக்கு அப்போதுதான் பிறந்திருந்த ஆண்குழந்தை.

"என் தம்பிய நான் தூக்கக் கூடாதாக்கா?" என்று அழுதேன்.

"அவன் கனத்துக்கு நீ விழுந்துடுவ. ரெண்டு பேரும் போயிருவீங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடுப்பு இருக்கணும், அவ்வளவுதான்."

முதலில் பூசணிக்காய், பிறகு தண்ணீர் வாளி, அதன்பின் அழுகிற பிள்ளை. பாதையில் தண்ணீர் ஊற்றி வழுக்கவிட்டார். அந்தப் பாதை முழுகிவிட்டால் என்ன செய்வது என்று புதர் வழியாக இன்னொரு வழியிலும் ஏறவைத்தார். வேடிக்கை பார்த்த கங்காணி, "வெயிலு கொளுத்துது, உனக்கு மட்டும் வெள்ளம் தெரியுதா?" என்று சிரித்தார். "தண்ணி வந்தப்புறம் பழகிக்கலாம்னா, அது நமக்காக நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி டின்னைத் தட்டினார்.

மார்கழியில் ஒரு காலை. எங்கள் பக்கம் மழை விட்டு அம்மாக்கள் வெட்டுக்குப் போயிருக்க, மேல்காட்டில் பெய்த மழை ஆற்றில் இறங்கியது. டின் சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது கொட்டகைக்குள் முழங்காலளவு தண்ணீர். தூளியிலிருந்து முனியம்மாவின் பிள்ளையை எடுத்து இடுப்போடு கட்டிக்கொண்டேன். வழக்கமான பாதை தெரியவில்லை. யாரும் யாரையும் கேட்காமல் புதர் வழிக்குத் திரும்பினோம். பாதி மேட்டில், பின்னாலிருந்து சின்னையா "அக்கா, அக்கா" என்று கதறுவது கேட்டது. என் கால் நின்றது.

"நிக்காத. நடந்துகிட்டே இரு" என்றது கீழிருந்து அஞ்சலையக்காவின் குரல்.

நான் திரும்பினால் அந்த ஒற்றையடிப் பாதையில் எனக்குப் பின்னால் வருகிறவர்கள் சரிவார்கள் என்பது எனக்குத் தெரியும். நடந்தேன். கொஞ்ச நேரத்தில் தம்பியின் குரல் நின்றுபோனது. அதற்குப் பிறகும் நடந்தேன்.

மேட்டில் ரப்பர் உலர்த்தும் புகைக் கொட்டகைக்கு முன்னால் அக்கா பெயர் பெயராகக் கூப்பிட்டார். கடைசிப் பெயருக்கு லெட்சுமி, முழங்காலில் ரத்தம் வழிய முன்னே வந்தாள். சின்னையா அழுது ஓய்ந்து அவள் தோளில் கிடந்தான். ஒரு பிள்ளையும் குறையவில்லை. வெட்டுக்காட்டிலிருந்து ஓடிவந்த முனியம்மா என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை இன்னொரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள்.

இப்போது அந்தப் பள்ளம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அந்த வெள்ளத்துக்கு அடுத்த வெயிலில் கங்காணியே ஆள் வைத்து மேட்டில் வெட்டிய படிகளும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அஞ்சலையக்கா போய் எத்தனையோ வருடம். மாசாய் நகரில் இருக்கும் சின்னையாவிடம், அன்று அவன் கூப்பிட்டது காதில் விழுந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைப் போன தீபாவளிக்குத்தான் சொன்னேன். அவன் கேட்டது இதுதான்:

"முனியம்மா அத்தை மவன் இப்ப எப்படிக்கா இருக்கான்?"

"லோரி ஓட்டுறான். பேத்தி பொறந்திருக்கு."

"அப்ப சரிக்கா" என்றான்.