மகளின் இதயமும் என் சர்க்கரையும்

முதலில் வந்தது தாகம். அமீரகத்தின் பாலைவன ஊரான அல் ஐனில் தாகம் எடுப்பதை நோய் என்று யார் நினைப்பார்கள்? ஆறாம் மாத வயிற்றோடு, தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து கீழே வைக்காமல் அலைந்தேன். வெயில் என்றார் கணவர். நானும் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை (பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை) என்றார்கள். சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தும் அடங்கவில்லை. இன்சுலின் போடச் சொன்னார்கள்.

ஊருக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு என் தங்கையின் ஞாபகம்தான் முதலில் வந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

"ஊசி போடுறேன்னு யார்கிட்டயும் சொல்லாதடி. குடும்பத்துக்கே சர்க்கரைன்னு பேசிடுவாங்க. பிள்ளை பொறந்தா அது தன்னால போயிடும்."

கணவரும் சொல்ல வேண்டாம் என்றார். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் இருந்தது. அண்ணன் மனைவி மாலதி அக்காவுக்கு ஒன்று தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. இன்சுலின் பேனாவை ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். திருடிய பொருளைப் போலத்தான் அதை எடுப்பதும் வைப்பதும்.

ஏழாம் மாதம் மாலதி அக்கா வீட்டில் எனக்கு வளைகாப்பு. கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல். பிறகு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக ஊட்ட ஆரம்பித்தார்கள். சர்க்கரைப் பொங்கல், கேசரி, யாரோ கொண்டுவந்த பேரீச்சம்பழ அல்வா. போதும், போதும் என்று தலையைத் திருப்பினேன்.

"அட, வாயைத் திற. வயித்துப் புள்ளைக்குக் குடுக்கிறோம். உனக்கா குடுக்கிறோம்?" என்றார் மாலதி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். கணவரைப் பார்த்தேன். அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன்.

மகள் நல்ல எடையோடு பிறந்தாள். கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று பூரித்துப் போனார்கள். மாலைக்குள் அந்தப் பூரிப்பு வடிந்துவிட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது. பால் உறிஞ்சத் தெம்பில்லை. இரத்தச் சர்க்கரையும் இறங்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் மாட்டினார்கள். பிறகு எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள்.

குழந்தைகளுக்கான இதய மருத்துவர் எகிப்துக்காரர். ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். மகளின் இதயத்தில் இடைச்சுவர் (இதய அறைகளைப் பிரிக்கும் தசை) தடித்திருந்தது. தாயின் சர்க்கரை குழந்தைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் உடல் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் இதயத் தசையையும் சேர்த்து வளர்த்துவிடுகிறது. இரத்தம் வெளியேறும் வழி குறுகிப்போகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும் என்றார். அந்தப் பெரும்பாலானவர்களில் என் மகளும் ஒருத்தியா என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குமேல் எதை மறைப்பது? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாலதி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளைக்காகவாவது கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கக் கூடாதா? எங்ககிட்டயும் மறைச்சிட்டியே!"

பிரசவத் தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் பக்கத்திலேயே இருந்தார். "சொல்ல வேண்டாம்னு சொன்னது நான்தான்" என்று இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் நானே கேட்டேன். வளைகாப்பு அன்று தின்ற இனிப்பால் இது வந்ததா? ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. பழியைத் தூக்கி மாலதி அக்காவின் தலையில் போட்டிருப்பேன். ஆனால் ஒருநாள் இனிப்பு இதைச் செய்யாது என்றார் அவர். வாரக்கணக்கில் ஏறி நின்ற சர்க்கரை செய்வது இது. சொன்னபடி எல்லாம் நடந்தவர்களின் குழந்தைகளுக்கும் சிலசமயம் வருவதுண்டு. குற்றவாளியைத் தேடாதீர்கள் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. மற்ற எல்லோரும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் மட்டும் தேடக் கூடாது!

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது அதே ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால், அதைத் தயிர் டப்பாவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். வேறு பெரிய அறிவுரை என்னிடம் இல்லை.

இதயத்துக்கான சொட்டு மருந்தும் எக்கோவுமாக மாதங்கள் போயின. குளிப்பாட்டும்போதும் பால் கொடுக்கும்போதும் என் கண் அவள் நெஞ்சுக்கூட்டின் மேலேயே இருக்கும். ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மூச்சு விடுவேன். ஒருநாள் மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "கலாஸ்" என்றார். முடிந்தது. சுவர் மெலிந்துவிட்டது. வளர வளர எடையையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்து வந்தால் போதும் என்றார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போன் செய்ய வெளியே ஓடினார். நானும் அழுதேன்.

மருத்துவர் என்னைப் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகு உங்கள் சர்க்கரையைச் சோதித்தீர்களா என்றார். அத்தனை மாதங்களில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கே தோன்றியிருக்கவில்லை. சோதித்தார்கள். தன்னால் போயிடும் என்று அம்மா சொன்ன சர்க்கரை போகவில்லை.

அந்த வாரம் மாலதி அக்கா கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். மகளைக் கொஞ்சிவிட்டு, கரண்டியில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எனக்குச் சர்க்கரை இருக்குக்கா. அது போகல."

"அட போடி. இப்பதான் வயித்துல புள்ளை இல்லையே. ஒரு வாய் தின்னா யாருக்கு என்ன ஆயிடப் போவுது?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கணவரும் சிரித்தார். நான் கரண்டியை ஒதுக்கிவிட்டு, சோதிக்கும் கருவியை எடுத்துவந்து, அவர்கள் பார்க்கவே விரலைக் குத்திக்கொண்டேன்.

இப்போதெல்லாம் என் நாள் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்றுதான் நகர்கிறது. மகளின் நெஞ்சில் காதை வைத்து இன்னமும் கேட்கிறேன். சீராக அடிக்கிறது. அதைக் கேட்டபிறகு, என் நெஞ்சிலும் ஒரு கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அதை நான்தானே பார்க்க வேண்டும்.