தூண் இல்லாத கோயில்

எங்கள் பழைய ஓட்டு மாதா கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று பங்குச் சாமியார் கேட்டபோது, முதலில் கை தூக்கியவன் நான். மழை வந்தால் பீடத்தின் மேலேயே ஒழுகும். சுவரைத் தொட்டால் கையோடு வரும். தலையில் விழும்வரை வைத்துக் கும்பிட வேண்டுமா என்ன? ஆனால் எங்கள் கல்யாணம் நடந்த இடம் அது. "கண்ணாலம் கட்ன எடத்த இடிக்கக் கை தூக்குன மனுசங்கூட எனக்கு இன்னா பேச்சு?" என்றாள் என் மனைவி. அதோடு பேச்சு நின்றது. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொன்னாள். "சோறு மூடி வச்சிக்கிறேன், துன்னு" என்று அதன் காதருகே கத்திவிட்டுப் போவாள். மாடு என்னைத் திரும்பிப் பார்க்கும்.

புதுக் கோயிலை வட்டமாக வரைந்து கொண்டுவந்தார் இன்ஜினியர். நட்டநடுவில் பீடம், சுற்றிலும் பெஞ்சு, ஒரு தூண்கூடக் கிடையாது. தியாகதுருகத்து மேஸ்திரி வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "மூலையே இல்லியேங்க, எந்த மூலையில கடக்கால் பூசை போடறது?" கடைசியில் வடகிழக்கை உத்தேசமாகப் பார்த்து அஸ்திவாரத்தை மந்திரித்தார் சாமியார். கூரை ஏறியதும், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்காரர்கள் வண்டியை நிறுத்தி, "இன்னா குடோனுங்க இது?" என்று விசாரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடும்பம் குடும்பமா ஒண்ணா உட்காரத்தான் வட்டம்" என்று இன்ஜினியர் விளக்கினார். யார் கேட்டார்கள்? முதல் ஞாயிறு, வாசலில் நுழைந்ததுமே ஆண்களெல்லாம் வழக்கம்போல இடப்பக்கம் போனார்கள், பெண்களெல்லாம் வலப்பக்கம் போனார்கள். முன்பு எல்லோரும் பீடத்தைப் பார்த்திருந்தோம். இப்போது பீடத்தைத் தாண்டி ஊர்ப் புருஷன்கள் மொத்தமும் ஊர்ப் பெண்டாட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எனக்கு நேர் எதிரே அவள். பழைய கோயிலில் தூண் மறைவில் சாய்ந்து பிரசங்கம் முழுக்கத் தூங்குவேன். தூண் போயும் தூக்கம் போகவில்லை.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் பக்கத்துக்காரர் இடித்து எழுப்பினார். எல்லோரும் எதிரே இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன். பார்த்தால், முகத்தைத் திருப்ப வழியில்லாமல் அவளும் எனக்கு நேராகக் கைகூப்பி நிற்கிறாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாய்யா, அம்மாம் பேரு பாத்துக்கினு இருக்காங்க, நீ வாயப் பொளந்துக்கினு தூங்குற! என் மானம் போவுது."

மாடு வீட்டில் இருந்தது. இதை என்னிடமேதான் சொன்னாள்.