வரமாட்டேன்னு சொன்னாலும் கேக்காத

சோற்றுக்கு முன்னால் வைத்த தண்ணீர்ச் செம்பை எடுத்து, குடிக்காமல், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார் என் அண்ணன். அவ்வளவுதான். பரிமாறிக்கொண்டிருந்த நான் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பும் அது அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் ரயில் வராத காலம் அது. அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சேவகர். ராஜபாளையத்தையும் சுற்றுக் கிராமங்களையும் நடந்தே அலைந்து சம்மன் கொடுப்பார். கணவனை இழந்த நான் ராஜபாளையத்தில் அவர் வீட்டில் இருந்தேன். முதல் தடவை அவர் விஷம் கலந்திருக்குமோ என்று தண்ணீரை மோந்தபோது மதினியும் நானும் சிரித்தோம். தூக்கமில்லை என்றார், வெயிலில் அலைகிற உடம்பென்று எண்ணெய் தேய்த்துவிட்டோம். சோழபுரம் பாதையில் யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார். கயிறு மந்திரித்துக் கட்டினோம். இப்படியே ஒரு மாதம் போனது. பிறகு ஒரு பட்டப்பகலில் எங்கள் இருவரையும் மதினியின் கைக்குழந்தையையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். விஷப்புகை விடப்போகிறார்கள் என்று ஜன்னலையும் கதவிடுக்கையும் களிமண்ணால் அடைத்தார். மடியில் அரிவாளோடு கதவை மறித்து உட்கார்ந்தார். எங்களைக் காப்பாற்றத்தான். குழந்தை அழுது அழுது ஓய்ந்து, பிறகு அழாமல் கிடந்தது. அந்த அமைதியைப்போல் என்னைப் பயமுறுத்தியது வேறொன்றும் இல்லை. ஊரார் கதவை உடைத்ததால் பிழைத்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வைத்தியர் சங்கிலி போடாமல் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஏதோ வேரை அரைத்துக் கொடுத்துத் தூங்கவைத்தே தேற்றினார். அனுப்பும்போது, "திரும்ப வந்தாலும் வரும். ஆனா சொல்லாம வராது. தூக்கம் கெடுதான்னு பாருங்க. முத்தவிடாம அன்னைக்கே கூட்டியாங்க" என்றார்.

இப்போது அண்ணன் செம்பைக் கீழே வைத்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். எதையாவது கேட்டால் சீறுவாரோ என்று சோற்றுச் சட்டியை மூடினேன். அவரே பேசினார்.

"மூணு நாளாத் தூக்கமில்ல ஏட்டி. பேரைச் சொல்லிக் கூப்பிடுது. இப்பம் அது பொய்யின்னு தெரியுது. நாளைக்குத் தெரியாது. வண்டியப் பூட்டச் சொல்லு. பொறவு நான் வரமாட்டேன்னு சொன்னாலும் கேக்காத."

மதினியைக் குழந்தையோடு வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கூடப் போனேன். பாதி வழியில் அண்ணன் வண்டியிலிருந்து குதித்து, ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார். வண்டிக்காரர் மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"வைத்தியரும் அவிய பக்கம் சேந்துட்டார். நீயும் அவிய ஆளா ஏட்டி?"

அந்தக் கண்ணில் என்னை அடையாளம் தெரிந்ததாகவே இல்லை. இறங்கினேன்.

"நீங்கதானண்ணே சொன்னீய, வரமாட்டேன்னு சொன்னாலும் கேக்காதன்னு."

"நானா சொன்னேன்?"

"நீங்கதான்."

கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பம் நான் நல்லா இருந்தேனா?"

"இருந்தீய."

வண்டியில் ஏறினார். கல்லை மட்டும் விடவில்லை. மீதி வழி முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய தடவை அரை வருடம் ஆனது. இந்தத் தடவை ஒரே மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின், தூக்கம் கெட்ட மறுநாளெல்லாம் என் முன்னால் வந்து நிற்பார். "ஏட்டி, என் முகத்தைப் பாரு. நல்லாத்தான இருக்கேன்?" பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தார். அவர் சாகும்வரை மூன்றே தடவைதான், "இல்லண்ணே, வண்டி பூட்டச் சொல்லுதேன்" என்று சொல்ல நேர்ந்தது. மூன்று தடவையும் அவர் மறுபேச்சில்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலுக்குப் போனார்.