ஒரு ஆளுக்கு இன்னாத்துக்குப் புதுசு

இந்த ஊரில் நாய்க்கு சீட் பெல்ட் போடுகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சிக்னல் உண்டு. தினமும் காலையில் அங்கே ஒரு நீலக் கார் வந்து நிற்கும். ஓட்டுகிறவர் வயதானவர். பக்கத்து சீட்டில் ஒரு பழுப்பு நாய், மார்புக்குக் குறுக்கே பட்டை மாட்டிக்கொண்டு, ஆபீசுக்குப் போகிற அதிகாரி மாதிரி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பின்னால் மூன்று பேர் உட்காருகிற இடம் காலியாகக் கிடக்கும். நானோ மழையில் நனைந்துகொண்டு நிற்பேன். இங்கே அடிக்கிற காற்றுக்குக் குடை ஒரு வாரம் தாங்காது. முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒரு அடி தள்ளி நின்றாள்.

நான் காஞ்சிபுரத்துக்காரி. நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. மேற்குக் கடல் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டி, டிக்கி வைத்த செடான், மஞ்சள் போர்டு. கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கடை கடையாக இட்டுக்கொண்டு போவது, நடுவில் நாலு கோயில் காட்டுவது, இதுதான் அவருடைய தொழில். ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர் ஏறுவார்கள். மடியில் பிள்ளை, பிள்ளை மடியில் புடவைப் பை. பின் சீட்டில் பெல்ட் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. எங்கள் மகள், பன்னிரண்டு வயது, அவரோடு இருக்கிறாள். பெயர் யாழினி என்றாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் வாயில் ‘ஃபேமிலி’ என்றால் பெண்டாட்டி என்று அர்த்தம். “ஃபேமிலி வண்டில இருக்காங்க, ஏசி போட்டு வைப்பா” என்று சவாரி வருகிறவர்கள் சொல்வார்கள். இவரும் அப்படித்தான். கேட்கிறவர்களிடமெல்லாம், “எங்க ஃபேமிலி ஃபாரின்ல இருக்காங்க” என்று பெருமையாகச் சொல்வாராம். நான் இங்கே வார்டில் யாராவது கேட்டால், என் ஃபேமிலி இந்தியாவில் இருக்கிறது என்று சொல்வேன். அவர் சொல்கிற ஃபேமிலி நான், நான் சொல்கிற ஃபேமிலி அவர். இரண்டும் ஒரே வீட்டில் இருந்து பல நாளாகிவிட்டது.

இந்த வருஷம் ஒருவழியாக அவருக்கும் பாப்பாவுக்கும் இங்கே வந்து இருக்க அனுமதி கிடைத்தது. காகிதத்தை போனில் காட்டியபோது மனுஷன் முதலில் சொன்ன வார்த்தை, “மொதல்ல வண்டிய வாங்குமா. பாப்பாவயும் மழையில நிக்க வெச்சிக்கினு இருப்பியா?” என்பதுதான். அன்றிலிருந்து எங்கள் பேச்சு முழுக்கக் கார்தான். புதுசா, பழசா? அவர் கட்சி புதுசு. “நாம வாங்கனது பழசு. பாப்பா ஏறப் போறது புதுசா இருக்கட்டுமே” என்றார். எனக்கு உள்ளுக்குள் பூரித்துப் போனது. புதுக் கார் வாங்கச் சொல்கிறார் என்றால் வந்து இங்கேயே தங்கப் போகிறார் என்று அர்த்தம். வருவதா வேண்டாமா என்று நாங்கள் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. காரைப் பற்றிப் பேசுவதுதான் அதைப் பேசுவது.

இங்கே கார் விற்கிற இடம் ஊருக்கு வெளியே, பெட்ரோல் பங்க்கை ஒட்டி இருக்கிறது. விற்பவர் பெயர் டெர்மட். சிவந்த முகம், ஓயாத வாய், தங்கமான குணம். நான் போய், நடுத்தர அளவில் செடான் வேண்டும் என்றேன். “ஆ, எ சலூன்!” என்றார். எனக்குப் புரியவில்லை. தலையைத் தொட்டுக்கொண்டேன், மழையில் அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது என்று. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே செடானுக்குப் பெயரே சலூனாம். அன்று மதியம் வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“இன்னாது, சலூனா? முடிவெட்ற கடைய வாங்கிக்கினு இன்னா பண்ணப் போற? நான் அங்க வந்து கத்திரி புடிக்கணுமா?”

பின்னாலிருந்து பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வண்டியை வாங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் அடுத்தவர் வண்டிக்கு டிரைவர். ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி விலைக்கு வந்தது. இவர் போய் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பின் கதவைத் திறந்து, குனிந்து, கால்மிதியைத் தூக்கி மோந்து பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே ஈர நாற்றம் போகாதாம். அப்புறம் பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். “மீட்டரு பொய் சொல்லும், ரப்பரு சொல்லாது” என்றார். பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, அன்று சாயங்காலமே தென்னேரிக்குப் போனோம். ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. கரை மேல் வண்டியை நிறுத்திவிட்டு, முன் சீட்டைக் காட்டி, “இது இனிமே உன் சீட்டு. சவாரி இல்லாதப்ப வேற யாரயும் உக்கார வெக்க மாட்டேன்” என்றார். நான், ஆமாம், பெரிய சிம்மாசனம் என்று கிண்டல் செய்தேன். ஆனால் மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் ஊரை விட்டு வந்த பிறகு பாப்பா அங்கே உட்கார்கிறாள்.

இரண்டாம் தடவை டெர்மட்டிடம் போனபோது இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று புத்தம் புதுசு, வெள்ளை நிறம். சீட்டுக்கு இன்னும் பாலிதீன் உறை பிரிக்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அந்த உறையை ஒரு வருஷமாவது பிரிக்க விடமாட்டோம், வெயிலில் தொடை ஒட்டிக்கொண்டாலும் சரி. மற்றது சாம்பல் நிறப் பழசு. வைத்திருந்த குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டதாம். இங்கிருந்தும் போகிறார்களா என்று ஆச்சரியமாகக் கேட்டேன். இங்கிருந்து எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார் டெர்மட். அவருடைய தம்பியும் அங்கேதானாம். சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடியது. நான் என் வீட்டுக்காரர் செய்த மாதிரியே கால்மிதியைத் தூக்கி மோந்தேன். டெர்மட் திகைத்துப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். சீட்டின் இடுக்கில் ஒரு சின்னப் பெண்ணின் மஞ்சள் ஹேர் கிளிப் மாட்டியிருந்தது. எடுத்து அவரிடம் கொடுத்தேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அவர், “வில் ஹிம்செல்ஃப் பி டிரைவிங் இட்?” என்று கேட்டார். ஹிம்செல்ஃப் என்றால் யார், டெர்மட்டேவா? அவர் ஏன் என் காரை ஓட்ட வேண்டும்? நான் விழிப்பதைப் பார்த்து, என் மோதிர விரலைக் காட்டிச் சிரித்தார். இங்கே வீட்டுக்காரரைச் சொல்வதற்கு அதுதான் வார்த்தையாம், ஹிம்செல்ஃப். பெயர் சொல்லாமல் ‘அவரு’ என்று நாம் சொல்வோமே, அதே கதை. இத்தனை கடல் தாண்டி வந்தும் இங்கேயும் ஒரு ‘அவரு’ இருக்கிறாரே என்று எனக்கு ஒரே குஷி. ஆமாம், அவரும் ஓட்டுவார், இருபது வருஷமாகத் தொழிலே அதுதான் என்று நிமிர்ந்து சொன்னேன். டெர்மட் பாவம், உதவிக்குத்தான் சொன்னார். இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், வந்து குடியேறினால் முதலிலிருந்து எழுதி, எல் போர்டு ஒட்டி, பாடம் கற்றுத்தான் வாங்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னாலேயே இங்கே லைசென்ஸ் வாங்கிய நீங்கள்தான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார்.

எனக்கு அது நல்ல வேடிக்கையாகத் தோன்றியது. சலூன் கதைக்கு அடுத்த கதை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன்.

“ஏங்க, விஷயம் தெரியுமா? நீங்க இங்க வந்தா எல் போர்டு ஒட்டிக்கினு தான் ஓட்டணுமாம். நான் பக்கத்துல உக்காந்து கத்துக் குடுக்கணுமாம்!”

சிரித்தேன். அப்புறம் அவரும் சிரித்தார், ஒரு மாதிரியாக.

“எல் போர்டா? எனக்கா?” என்றார். “சரிமா, சவாரி வந்துட்சி. அப்பறம் பேசறேன்.”

சவாரி எதுவும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். போனில் வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் அவர் கார் பேச்சையே எடுக்கவில்லை. பாப்பாவின் பரீட்சை, புது டயர், ஏனாத்தூர் காலேஜுக்குப் போன சவாரி என்று என்னென்னவோ பேசினார். நானாகத்தான் கேட்டேன். வெள்ளை வண்டியை முடித்துவிடவா, டெர்மட் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றேன்.

“பழசயே வாங்கிக்கோயேன்” என்றார்.

“நீங்கதானே புதுசு புதுசுன்னு குதிச்சீங்க?”

“ஒரு ஆளுக்கு இன்னாத்துக்குப் புதுசு?”

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், என்னைப் போலத் தனியாக வந்து கிடக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. முக்கியமான சேதி இப்படித்தான் வரும், வேறு ஏதோ பேசுகிற பேச்சின் நடுவில். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் ஒரு ஆள், மூன்று பேர் இல்லையா என்று கத்தினேன். கடந்துபோன டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“கத்தாதமா” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “எல்லாரும் ஃபேமிலிய இட்டுக்கினு போவாங்க. நீ என்னையே ஃபேமிலியா ஆக்கி இட்டுக்கினு போற. அங்க வந்து நான் இன்னா பண்ணுவேன் சொல்லு? நீ வேலைக்குப் போவ, பாப்பா ஸ்கூலுக்குப் போவும். நான் கதவ சாத்திக்கினு மழைய பாத்துக்கினு இருக்கணும். எனக்குத் தெரிஞ்சது ஒரு வேலை. அதையும் எல்லு ஒட்டி மொதல்லேர்ந்து கத்துக்கணும்ன்ற.”

“அது ஆறு மாசத்து விஷயங்க. அத போய்...”

“உனக்கு அது சிரிப்பா இருந்துச்சி” என்றார்.

சிரித்தது நிஜம்தானே. பாப்பாவை மட்டுமாவது அனுப்புங்கள் என்றேன். அவர் தடுக்கவில்லை, அவளிடமே போனைக் கொடுத்தார். அவள் யோசித்து வைத்த மாதிரி சொன்னாள்: “நானும் வந்துட்டா அப்பா வண்டில முன் சீட்ல யாரும்மா உக்காருவாங்க?”

கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாலு வருஷம் ஒற்றை ஆளாகச் சமைத்து ஒற்றை ஆளாகச் சாப்பிட்டது இதற்காகவா என்று அழுதேன். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘நீ திரும்பி வந்துடு’ என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை. இங்கே என் வார்டில் நான் சொன்னால் டாக்டர் நின்று கேட்கிறார். ஊரில் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் எனக்கு உட்கார நாற்காலி கிடையாது. இங்கே கிடைத்த நாற்காலியை விட்டுவிட்டு வா என்று கேட்க அவருக்கு மனசில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

சாம்பல் நிற வண்டியைத்தான் வாங்கினேன். சாவி கொடுக்கும்போது டெர்மட், ஹிம்செல்ஃபுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். நாலு எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். அவர் எதிரில் வைக்கக் கூச்சமாக இருந்ததால் தெருமுனை திரும்பி, இறங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து ஏற்றினேன். போனில் வண்டியைச் சுற்றிக் காட்டினேன். அவர் ஒன்றும் விடாமல் பார்த்தார். பிரேக் ரப்பரைக் கிட்டே காட்டச் சொன்னார். “நல்ல வண்டிமா. நல்லா வெச்சிருந்திருக்காங்க” என்றார். இரண்டு பேரும் அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன சனிக்கிழமை பக்கத்து நகரத்தில் இருக்கும் நம்மவர் கடைக்குப் போய்ப் பத்து கிலோ பொன்னி அரிசி வாங்கினேன். முன்பெல்லாம் பஸ்ஸில் தூக்க முடியாமல் இரண்டு கிலோதான் வாங்குவேன். பையின் ஒரு முனை லேசாகக் கிழிந்திருந்தது. டிக்கியில் போட்டால் உருண்டு கொட்டிவிடும் என்று முன் சீட்டில் நிமிர்த்தி வைத்தேன். வண்டியை எடுத்ததும் ஒரே கூச்சல், கீங் கீங் என்று. டயரா, இன்ஜினா என்று தெரியவில்லை. ஓரம் கட்டிப் பார்த்தால் எதிரே ஒரு சிவப்பு விளக்கு, மனிதன் உட்கார்ந்த மாதிரி படம். பக்கத்து சீட்டில் கனம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று சொல்கிறது. பையைக் கீழே இறக்கி வைத்தால் தீர்ந்தது. ஆனால் அரிசியைக் காலடியில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

நாயைப் பார்த்துச் சிரித்தவள்தானே நான். பட்டையை இழுத்து, அரிசிப் பையைக் குறுக்கே அணைத்த மாதிரி கொண்டுபோய் மாட்டினேன். சத்தம் நின்றது. சிவப்பு விளக்கும் அணைந்தது. கையை எடுக்காமல் பையின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். இந்த வண்டியைக் கேட்டால், இதில் இரண்டு பேர் போகிறோம் என்றுதான் சொல்லும்.